மலை ஏறுகிறவருக்கு மூன்று சட்டை, கிடை காக்கிறவருக்கு ஒரு கம்பளி

மதுரையில் குளிர் என்று பேச்செடுத்தாலே ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். ஜனவரி விடியலில் இந்த ஊரின் குறைந்தபட்ச வெப்பநிலை பெரும்பாலும் 20, 21 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் நிற்கும். ஆனாலும் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியுமுன் பேரம் பேசுகிறவர்களும், அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கு இருட்டிலேயே கிளம்புகிறவர்களும் காதை மூடித் துண்டு கட்டியிருப்பார்கள். வெயிலுக்குப் பழகியவர்களின் செல்லச் சிணுங்கல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. உடம்பில் துணியில்லாத ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கையில், தன் சூட்டைக் காக்கக் கூடுதலாகப் பாடுபடாமல் இருக்க வேண்டுமானால் சுற்றியுள்ள காற்று ஏறத்தாழ 28 டிகிரியில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் உடம்பு நடுங்கியாக வேண்டும், இல்லையேல் துணி வேண்டும். எவ்வளவு துணி என்பதற்கும் கணக்கு உண்டு. 1941இல் காகி, பர்ட்டன், பாசெட் என்ற மூன்று உடலியல் ஆய்வாளர்கள் ‘க்ளோ’ என்ற அளவை முன்வைத்தார்கள். காற்றசைவு அதிகமில்லாத அறையில், 21 டிகிரியில், உட்கார்ந்திருப்பவரைக் குளிராமல் வைத்திருக்கும் ஆடை ஒரு க்ளோ. கோட்டும் சூட்டுமாக உடுத்தினால் அந்த அளவு வரும். மதுரையின் தை மாத விடியல் இதே 21 டிகிரிதான். வேட்டியும் அரைக்கைச் சட்டையும் அதில் பாதி தேறினால் பெரிது. ஆக, துண்டு கட்டியவர் கணக்குப்படி சரியாகத்தான் நடந்துகொள்கிறார்.

குளிருக்கு அடுக்கடுக்காக உடுத்தும் உத்தியைப் பற்றி அதிகம் பேசியவர்கள் குளிர்நாட்டு வேட்டைக்காரர்களும் மலையேறிகளும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் ஊரில் வேட்டை குற்றமாகிவிட்டது. ஆனால் வேட்டைக்காரரின் சிக்கல் ஒழியவில்லை. இப்போது அது விலங்கைக் காப்பவர்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில், சாப்டூர் பக்கத்து மலைச்சரிவில் ரோந்து போகும் வேட்டைத் தடுப்புக் காவலர் செங்குத்தில் மூச்சு வாங்க ஏறுகிறார். பிறகு ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்து காது கொடுக்கிறார். அரிட்டாபட்டிப் பாறைகளில் வல்லூறு பார்க்கப் போகிறவர், கடவூர்ப் பக்கம் தேவாங்கைத் தேடி இரவில் நடக்கும் ஆய்வாளர், சதுரகிரி ஏறும் பக்தர் என எல்லோருக்கும் இதே நிலைதான். ஏறும்போது உடம்பு அடுப்பாக எரிகிறது, உட்கார்ந்ததும் அணைந்துபோகிறது. சும்மா இருக்கும் உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பம் தருகிறது; செங்குத்தில் ஏறும் உடம்பு அதைப் போல ஐந்தாறு மடங்கு தரும். ஒரே சட்டை இந்த இரண்டு உடம்புகளுக்கும் பொருந்தாது. அடுக்கி உடுத்துவதன் நியாயம் முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

ஏன் இப்படி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், ‘கனமான ஒன்றைவிட மெல்லிசான மூன்று அதிகச் சூடு தரும்’ என்ற பேச்சு ஊரெங்கும் உலவுகிறது. அது பாதிதான் உண்மை. சூட்டைத் தடுத்து வைப்பது நூலைவிட, நூலுக்கு இடையில் அகப்பட்டு அசையாமல் நிற்கும் காற்றுதான். அசையாத காற்றைப் போல வெப்பத்தைக் கடத்த மறுக்கும் பொருள்கள் அன்றாடப் புழக்கத்தில் வெகு குறைவு. இரண்டு சட்டை போட்டால் இடையில் ஒரு காற்றுப் படலம் கூடுதலாகக் கிடைக்கிறது, வாஸ்தவம். ஆனால் மேல்சட்டை இறுக்கமாக இருந்தால் அந்தப் படலம் நசுங்கி, பலன் கைக்கு வராது. மிகத் தொளதொளப்பாக இருந்து இடைவெளி ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, உள்ளே காற்று தானே சுழலத் தொடங்கிச் சூட்டைக் கொண்டுபோய்விடும். நன்றாக நெய்த கனமான கம்பளி தனக்குள்ளேயே இவ்வளவு காற்றையும் பிடித்து வைத்திருக்கிறது. மொத்த கனமும் காற்றும் ஒன்றாக இருந்தால் ஒரு துணிக்கும் மூன்று துணிக்கும் சூட்டில் பெரிய வேற்றுமை கிடையாது.

ஆகவே அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டு, இரவெல்லாம் காவல் இருக்கும் கீதாரியிடம் போய் ‘மூன்று சட்டை போடுங்கள்’ என்று உபதேசம் செய்ய எந்த அறிவியலும் இடம் தராது. அவர் மலை ஏறவில்லை, வியர்க்கவில்லை. ஒரு கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொள்கிறார். கம்பளி நூல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை ஆவியாக உள்வாங்கியும் தொட்டால் ஈரமாகத் தெரியாது; அப்படி வாங்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளியிடும். விடிகாலைப் பனியில் நனைகிற தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான துணி வாய்க்காது. தலையை மூடுவதிலும் காரணம் இருக்கிறது. மேகமில்லாத இரவில் திறந்தவெளியில் கிடப்பவரின் உடம்பு வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிராக வீசிக்கொண்டே இருக்கும். மேலே ஒரு மரத்தின் கிளைகளோ தலைமேல் ஒரு துணியோ இருந்தால் அந்த இழப்பு குறைகிறது. இதற்காக, உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போய்விடுகிறது என்று நம்ப வேண்டாம். தலை உடம்புப் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இழப்பும் அந்த விகிதத்தை ஒட்டியதுதான்.

மலை ஏறுகிறவர் கதை வேறு. அவருக்கு எதிரி குளிரைவிடத் தன் வியர்வைதான். ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். காவலர் ஒருவர் பருத்தி பனியனும் மேலே கனத்த ஸ்வெட்டரும் போட்டு ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதி தூரத்திலேயே அக்குளும் முதுகும் நனைந்து பனியன் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்வெட்டரைக் கழற்றினால் குளிரடிக்கும், போட்டுக்கொண்டால் கொதிக்கும். மேலே போய் உட்காரும்போது பனியனில் 200 கிராம் வியர்வை தங்கியிருந்தால், அது முழுக்க உலர 4,80,000 ஜூல் தேவை. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு ஒரு மணி நேரத்தில் உண்டாக்கும் மொத்த வெப்பமே 3,60,000 ஜூல்தான். அதாவது, பனியனைக் காயவைக்க மட்டும் ஒரு மணி இருபது நிமிடச் சூடு போகிறது. இதில் ஒரு பகுதியைச் சுற்றியுள்ள காற்று ஏற்றுக்கொள்ளும் என்றாலும் பெரும்பங்கு உடம்பின் கணக்கில்தான் விழும். போதாததற்கு, நூலிடை காற்றிருந்த இடத்தில் இப்போது தண்ணீர். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது.

பருத்தியைக் குறை சொன்னால் மதுரையில் கோபம் வரும், நியாயமான கோபம்தான். சித்திரை வெயிலில் பருத்தியை மிஞ்சிய துணி இல்லை, காரணம் அது வியர்வையைக் குடித்து மெதுவாக ஆவியாக்கி உடம்பைக் குளிர்விக்கிறது. மாசிப் பனியிலும் அது அதே வேலையைத்தான் செய்கிறது. வெயிலில் அருளாக இருக்கும் குணம் குளிரில் கேடாக முடிகிறது, அவ்வளவுதான். உலர்ந்த பஞ்சு நல்ல காப்பு. போடிநாயக்கனூர் வியாபாரிகள் விற்கும் இலவம்பஞ்சோ இன்னும் ஒரு படி மேல்: உள்ளே குழலாக இருக்கும் அந்த இழையில் பெரும்பகுதி காற்று, மேலே மெழுகுப் பூச்சு, தண்ணீர் ஒட்டாது. உயிர்காப்பு மிதவை அங்கிகளில் ஒரு காலத்தில் அதைத்தான் திணித்தார்கள். வழவழப்பாலும் நொறுங்கும் குணத்தாலும் நூலாகத் திரிக்க வராது என்பதால் மெத்தையோடும் தலையணையோடும் நின்றுவிட்டது.

தோலை ஒட்டிய துணி ஈரத்தைக் குடிக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ள நவீன ஆய்வகம் தேவைப்படவில்லை. 1924இல் எவரெஸ்ட்டில் மறைந்த ஜார்ஜ் மல்லோரியின் உடல் 1999இல் கிடைத்தபோது, பட்டும் பருத்தியும் கம்பளியுமாக மெல்லிய பல அடுக்குகளும், வெளியே நெருக்கமாக நெய்த காபர்டீனும் உடம்பில் இருந்தன. அதே போல் தைத்த ஆடைகளை 2006இல் எவரெஸ்ட்டில் போட்டுப் பார்த்தவர்கள், எள்ளி நகையாடப்பட்ட அந்த உடுப்பு குளிரை நன்றாகவே தாங்கியது என்றார்கள். 1933இல் நார்வே ராணுவ அதிகாரி ஹென்ரிக் ப்ரூன், மீன்பிடி வலையைக் கொண்டு உள்சட்டை செய்தார். பாதிக்கு மேல் ஓட்டை. அந்த ஓட்டைகளில்தான் காற்று தங்கியது, ஈரத் துணி தோலைத் தொடவும் இல்லை. நம் கடைகளில் கோடைக்கு என்று விற்கும் வலை பனியனின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று அதைச் சொல்லலாம்.

‘இதெல்லாம் எவரெஸ்ட்டுக்கு. கொடைக்கானலுக்கு ஒரு ஸ்வெட்டர் போதாதா?’ என்று கேட்பார்கள். பஸ்ஸில் போய் ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறவருக்குத் தாராளமாகப் போதும். கொடைக்கானல் மதுரையைவிட ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் குறைந்தால் இங்கே 21 என்பது அங்கே 8. அவர் வியர்க்காத வரை அந்த 8 டிகிரியை ஒரு கனத்த உடையாலேயே சமாளிக்கலாம். அதே ஸ்வெட்டரோடு பைக்கில் மலைப்பாதையில் ஏறினால் மட்டும் கதை மாறும். பின்னலாடையின் கண்கள் வழியே ஐம்பது கிலோமீட்டர் வேகக் காற்று புகுந்து, உள்ளே சேர்த்து வைத்த காற்றையெல்லாம் துடைத்துக்கொண்டு போகும். அங்கே வேண்டியது மேலும் கனமல்ல, காற்றுப் புகாத ஒரு மெல்லிய மேலங்கி. இல்லாவிட்டால் செய்தித்தாளை மடித்துச் சட்டைக்குள் நெஞ்சில் வைக்கலாம். பிரான்ஸ் சுற்று சைக்கிள் பந்தய வீரர்கள் மலையிறக்கத்தில் செய்த வேலைதான் இது.

‘பணம்?’ என்பது கடைசி ஆட்சேபம், கடுமையானதும் அதுதான். மலையேற்றக் கடைகளின் விலைச்சீட்டைப் பார்த்தால் கேள்வி நியாயமாகவே படும். ஆனால் வேலையைப் பார்த்தால் பெயர்ப்பலகை தேவையில்லை. கபடிப் பையன்கள் போடும் பாலியெஸ்டர் ஜெர்சி தன் எடையில் அரை சதவீதம்கூட ஈரத்தை இழைக்குள் வாங்காது; பருத்தி எட்டு சதவீதம் வாங்கும். அந்த ஜெர்சி உள்ளே, கம்பளியிலோ அதைப் போன்ற செயற்கை இழையிலோ பின்னிய ஒரு மெல்லிய ஸ்வெட்டர் நடுவில், காற்றுத் தடுப்பு மேலங்கி வெளியே. ரெயின்கோட்டும் காற்றைத் தடுக்கும், ஆனால் வியர்வையையும் வெளியே விடாது. உட்கார்ந்த பிறகுதான் அதைப் போட வேண்டும். ஏறத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் ஒன்று அதிகமாகப் போட்டிருக்கிறோம் என்று பொருள். நின்ற உடனே, உடம்பு ஆறுவதற்கு முன், கழற்றியதை மீண்டும் போட்டுவிட வேண்டும். நடுங்க ஆரம்பித்த பிறகு போட்டால், இழந்த சூடு திரும்பி வர நேரமாகும்.

காட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்கள் அந்த ஆட்களுக்கு உடை வாங்கும்போது, ஒரு கனத்த ஸ்வெட்டருக்கு ஒதுக்கும் பணத்தை இரண்டு மெல்லிய துணிகளாகப் பிரித்துக் கொடுக்கலாம். அதுவும் முடியாது என்றால் ஆளுக்கு ஒரு பனியன் கூடுதலாகக் கொடுங்கள். மேலே போனதும் நனைந்ததைக் கழற்றிவிட்டு உலர்ந்ததை மாற்றிக்கொள்வதைவிட மலிவான குளிர்காப்பு எந்தக் கடையிலும் கிடைக்காது.