விழுந்த பலா வீணையாகுமா?

2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் சாலையோரத்திலும் கொல்லையிலும் மரங்கள் சாய்ந்தன. 2016 டிசம்பரில் வர்தா புயல் செய்ததும் இதையேதான். இப்படி விழும் மரம் பெரும்பாலும் மறுநாளே துண்டுபோட்டு விறகாகிவிடும். விழுந்தது பலாவாக இருந்தால் மட்டும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசிக்கலாம். தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கக் கட்டைக்கும் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வாங்கி வருவது இதே பலாவைத்தான். கொல்லைப் பலாவுக்கும் வீணைக்கும் நடுவே நிற்பது ஈரம் ஒன்றே.

பச்சை மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. செல்களின் உட்குழிவில் தேங்கியிருப்பது ஒன்று. செல் சுவரோடு பிணைந்திருப்பது இன்னொன்று. தேங்கிய நீர் முதலில் போகும். அப்போது மரத்தின் எடைதான் குறையும், அளவு மாறாது. ஈரம் 28–30 சதவீதத்துக்கு இறங்கிய பிறகே சுவரில் உள்ள நீர் வெளியேறத் தொடங்கும். வம்பெல்லாம் அப்போதுதான். நீளவாக்கில் மரம் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய போக்கில் ஓரளவு சுருங்கும். வளையங்களைச் சுற்றிய போக்கில் ஏறக்குறைய அதைப் போல இரண்டு மடங்கு. உருண்டைக் கட்டையை அப்படியே போட்டுவைத்தால் எங்காவது விண்டே தீரும் என்பதற்குக் காரணம் இதுதான். நடுச்சோறு வழியாகப் பிளந்துவிட்டால், அல்லது மிருதங்கக் கட்டைபோல நடுவைக் குடைந்து எடுத்துவிட்டால், இழுவிசைக்கு வழி கிடைத்துவிடும்.

விழுந்த அன்றே செய்யவேண்டிய வேலை, வெட்டுமுகங்களை அடைப்பது. மரத்தின் குழாய்கள் நீளவாக்கில் ஓடுவதால் வெட்டுமுகம் வழியே நீர் 10 முதல் 15 மடங்கு வேகமாக வெளியேறும். முனை காய்ந்து சுருங்கும், உள்ளே இன்னும் ஈரம், முனை வெடிக்கும். உருக்கிய மெழுகோ மீந்துபோன எனாமல் பெயின்ட்டோ இரண்டு பூச்சு போதும். சாணம் அப்புகிறவர்களும் உண்டு. பிறகு சா மில்லில் ஒன்றரை அங்குலப் பலகைகளாக அறுத்து, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் நிழலில் அடுக்க வேண்டும். பலகைக்குப் பலகை ரீப்பர் கட்டை கொடுத்து, மேல் ரீப்பருக்கு நேர் கீழேயே கீழ் ரீப்பரும் வர வேண்டும். தவறினால் பலகை அந்த இடத்தில் தொய்ந்தே காயும். உச்சியில் பாரம் ஏற்றலாம்.

மொட்டை மாடி வெயில் வேண்டவே வேண்டாம். மேல்தோல் மட்டும் காய்ந்து இறுகிவிடும், உள்ளே ஈரம் சிறைப்படும். பார்வைக்கு நல்ல பலகையாகத்தான் இருக்கும். ரம்பம் வைத்ததும் வாயை மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வும். புயல் மரத்துக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையின் ஈரக்காற்றில் அது மெதுவாகவே காயத் தொடங்கும், வெடிப்பு குறையும். அதற்கு விலை பூஞ்சணம். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே போகும்வரை அது விடாது. காற்று தேங்காமல் ஒரு பெடஸ்டல் ஃபேனைத் திருப்பிவைப்பது நல்லது. பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதியை வண்டு துளைக்கும், அதை வெட்டி எறிந்துவிடலாம். கருவிக்கு வேண்டியது மஞ்சள் வைரம்தான்.

காய்ந்ததா என்று விரலால் தட்டிப் பார்த்துச் சொல்லும் அனுபவம் ஆசாரிக்கு உண்டு, நமக்குக் கிடையாது. நமக்குச் சமையலறைத் தராசு இருக்கிறது. பலகையின் முனையிலிருந்து ஓர் அடி தள்ளிச் சிறு துண்டு வெட்டி உடனே நிறுக்கவும்; 180 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கேக் சுடும் ஓவனில் 100 டிகிரியை ஒட்டிய சூட்டில், எடை இறங்குவது நிற்கும்வரை வைத்தால் 100 கிராமில் நிற்கிறது. அப்படியானால் ஈரம் 80 சதவீதம். அதே பலகை 3,600 கிராம் என்றால் அதில் மரம் 2,000, மீதி தண்ணீர். 14 சதவீத ஈரத்தில் பலகை 2,280 கிராம் இருக்கும். மாதமொரு முறை நிறுத்து, பலகையிலேயே பென்சிலால் எழுதிவந்தால் போதும். அங்குலத்துக்கு ஓராண்டு என்பது குளிர்நாட்டார் கணக்கு; நம் சூட்டுக்கு அதை நம்பத் தேவையில்லை.

ஏன் 14, ஏன் பூஜ்யம் இல்லை? சுற்றியுள்ள காற்று எவ்வளவு ஈரமோ அதற்கு ஏற்ற ஓர் அளவில் மரம் நின்றுவிடும். காற்றின் ஈரப்பதம் 70–80 சதவீதமாக இருக்கும் கடலோரத்தில் அந்த அளவு 13 முதல் 16 வரை. கோவளத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ ஐம்பது வருஷம் போட்டுவைத்தாலும் அதற்குக் கீழே வெகுவாக இறங்காது. பழங்காலத்து ஆட்கள் பத்து வருஷம் காயவைத்தார்கள் என்று பெருமையாகச் சொல்வதுண்டு. காயவைப்பதைப் பொறுத்தவரை அதில் பெரும்பகுதி சும்மா காத்திருந்ததுதான் என்பது என் எண்ணம். இந்தக் கரையின் மீனவர்களுக்குக் காற்றின் இந்தக் கணக்கு தெரியாததல்ல. கடலிலிருந்து திரும்பியதும் கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாக மணலில் உலர்த்துவார்கள். நீர் குடித்த கட்டை சரியாக மிதக்காது. இன்று ஃபைபர் படகு வந்து அந்த வேலையைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டது.

எனவே கேள்வி, வீணை எங்கே வாழப்போகிறது என்பது. ஏ.சி. அறையில் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் மரம் 9 சதவீதத்துக்கு வரும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அமெரிக்க வீட்டில் 6க்கும் போகும். 14இல் செய்த கருவி 6க்குப் போனால், 30 செ.மீ. அகலப் பலகை, அறுத்த போக்கு சரியில்லையென்றால், சுமார் 5 மி.மீ. சுருங்கலாம். ஒட்டு விடுவதும் குடம் விரிசல் காண்பதும் இப்படித்தான். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய போக்கு பலகையின் அகலமாக வரும்படி அறுத்தால் அந்தச் சுருக்கம் பாதியாகும். வீணையின் 24 மெட்டுகளையும் மரத்தில் அறையாமல் மெழுகில் பதிப்பதை நான் இந்தக் கோணத்திலும் ரசிப்பேன்: தண்டி அசைந்தாலும் மேளத்தை, அதாவது மெட்டு வரிசையை, திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். இடிக்கப்படும் பழைய வீடுகளின் ஆச்சா மரத் தூணையும் உத்திரத்தையும் வாங்கிக் கடைகிறார்கள். பல்லாண்டுகளில் செல் சுவரின் சில சர்க்கரைச் சேர்மங்கள் சிதைவதால் முதிய மரம் காற்றின் ஈரத்தைக் குறைவாகவே உறிஞ்சும். மரம் உலர்த்தும் சாதாரணச் சூளையால் அவசரப்படுத்த முடியாத மாற்றம் இது.

கொல்லைப் பலாவுக்கு அந்த வயது வராது. பங்குனி, சித்திரையில் தராசு இறங்கிக்கொண்டே வரும், அடுத்த ஐப்பசியில் எடை மீண்டும் கொஞ்சம் ஏறும். பயப்படவேண்டாம், மழைக்காற்றைக் குடிக்கிறது. தை பிறந்ததும் பலகைகளை ஏ.சி. அறைக்குள் மாற்றி, இரண்டு மாதம் எடை ஆடாமல் நின்றால் ஆசாரிக்குச் சொல்லி அனுப்பலாம்.