ரீவைண்டிங் செய்தும் மறுபடி எரிகிறதா மோட்டார்? எரிந்த காயிலே சொல்லும் காரணம்!

மாவு மில், அரிசி ஆலை, செக்கு, பாய் நெய்யும் விசைத்தறி, லேத் பட்டறை... நெல்லையில் இப்படி எந்தத் தொழில் நடத்துபவரைக் கேட்டாலும் ஒரு புலம்பல் பொதுவாக இருக்கும். ``போன மாசம்தான் காயில் கட்டினோம். அதுக்குள்ள மறுபடியும் போயிடுச்சு.’’

மோட்டார் எரிந்தால் ரீவைண்டிங் கூலி மட்டுமா செலவு? மோட்டார் கடையில் கிடக்கும் நாள்களில் வேலை நிற்கும். வந்த வாடிக்கையாளர் அடுத்த மில்லுக்குப் போய்விடுவார். ஆளுக்குக் கூலி மட்டும் கொடுத்தாக வேண்டும். ஒரே மோட்டார் ஒரே வருடத்தில் இரண்டு முறை எரிந்தால், கோளாறு பெரும்பாலும் மோட்டாருக்கு வெளியே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் எத்தனை முறை காயில் கட்டினாலும் பணம்தான் கரையும்.

தாமிரபரணிக் கரையில் மோட்டாருக்கு என்ன கஷ்டம்?

சாதாரண மோட்டார்கள் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான சுற்றுப்புற வெப்பத்தைக் கணக்கில் வைத்துத் தயாரிக்கப்படுகின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் பாளையங்கோட்டையில் வெளியிலேயே அந்த அளவை நெருங்கிவிடும். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே கேட்கவே வேண்டாம்.

வைண்டிங்கின் வெப்பம் தாங்கும் அளவைத் தாண்டி ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும், அதன் இன்சுலேஷன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும். மின்பொறியாளர்கள் பல காலமாகக் கையாளும் கணக்கு இது. பத்து வருடம் ஓட வேண்டியது ஐந்து வருடத்தில் போய்விடும். இன்னும் 10 டிகிரி ஏறினால் இரண்டரை வருடம்தான்.

வெயில் முடிந்தால் ஆனி, ஆடிக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை ஈரம். புழுங்கல் அரிசி ஆலை என்றால் நீராவியும் உமித்தூசியும் சேர்ந்து ஒட்டும். மோட்டாரின் பின்பக்க விசிறி மூடியிலும் உடம்பில் உள்ள வரிவரியான தகடுகளிலும் தூசி அப்பிக்கொண்டால், அது கம்பளி போர்த்தியதற்குச் சமம். உள்ளே உள்ள சூடு வெளியே போக வழியில்லை.

எரிந்த மோட்டாரைத் திறந்து பாருங்கள்

ரீவைண்டிங் கடையில் பழைய காயிலை வெட்டி எறிவதற்கு முன்னால், ஒரு நிமிடம் அதைப் பாருங்கள். செல்போனில் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காரணம் அங்கேதான் இருக்கிறது.

*எல்லாக் காயிலும் ஒரே மாதிரி கறுத்திருந்தால்:* அது ஓவர்லோடு, குறைந்த வோல்டேஜ் அல்லது தூசி அடைப்பு. அதிகமாக முறுக்கிய பெல்ட், கிரீஸ் வற்றிய பேரிங் ஆகியவையும் இந்தக் கணக்கில் வரும்.

*ஒரு பேஸ் காயில்கள் மட்டும் கருகி, மற்றவை புதிதுபோல இருந்தால்:* டெல்டா இணைப்பில் உள்ள மோட்டாருக்கு ஒரு பேஸ் வராமல் போயிருக்கிறது. ஸ்டார் இணைப்பாக இருந்தால், இதே கோளாறில் இரண்டு பேஸ் காயில்கள் கருகி ஒன்று தப்பித்திருக்கும். பொதுவாக 3 ஹெச்.பி வரை ஸ்டார், அதற்கு மேல் டெல்டா.

*ஒரே ஓர் இடத்தில் மட்டும் உருகி, செம்பு தெரிந்தால்:* ஈரம் இறங்கியிருக்கலாம். இடி, மின்னலின்போது உயர் அழுத்தம் வந்திருக்கலாம். காயில் கட்டும்போதே கம்பியில் கீறல் விழுந்திருக்கவும் வாய்ப்புண்டு.

பேஸ் எங்கே போனது?

ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்றில் ஒரு பேஸ் போனால் மோட்டார் உடனே நிற்காது. முனகிக்கொண்டே ஓடும். அதே சுமையை இழுக்க, மிச்சமுள்ள இரண்டு லைன்களில் கரன்ட் சுமார் 1.7 மடங்கு ஏறும். நாம் கவனிப்பதற்குள் காயில் கருகிவிடும்.

உடனே மின்வாரியத்தைத் திட்டத் தோன்றும். ஆனால், பல இடங்களில் குற்றவாளி நம் சுவரிலேயே இருக்கிறது. அதிர்வில் தளர்ந்த டெர்மினல் ஸ்க்ரூ, அரைகுறையாக அழுத்திய லக், அலுமினிய வயரைச் செம்பு முனையில் நேரடியாக முறுக்கிய இடம், தூசி புகுந்த கான்டாக்டர்... இதில் ஏதாவது ஒன்று போதும். லோடில் ஓடும்போது ஒரு முனை மட்டும் நிறம் மாறியோ, வயர் உறை இளகியோ இருந்தால் அதுதான் இடம்.

ஸ்டார்ட்டர் பெட்டியில் வயர் நுழையும் ஓட்டையை அடைக்காமல் விட்டால் தூசியோடு எறும்பும் பல்லியும் குடிவரும். கான்டாக்டருக்கு நடுவில் ஒரு பல்லி சிக்கினால் ஒரு பேஸ் சேராது. அந்த ஓட்டைக்கு ஒரு கிளாண்ட் போட்டு அடைப்பது, காயில் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

ரிலே இருந்தும் ஏன் காப்பாற்றவில்லை?

``ஓவர்லோடு ரிலே இருக்கே’’ என்பார்கள். அது எந்த அளவில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கேள்வி. அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்று யாரோ ஒருவர் திருகைக் கடைசிவரை திருப்பி வைத்திருப்பார். அதற்குப் பிறகு அது இருந்தும் பயனில்லை.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் இன்னொரு சூட்சுமம் உண்டு. பல ஸ்டார்ட்டர்களில் ரிலே, காயிலுக்குப் போகும் வழியில் இருக்கும். அப்படியிருந்தால், மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியரில் 58 சதவிகிதத்துக்குத்தான் ரிலேவை வைக்க வேண்டும். தகட்டில் 14 ஆம்பியர் என்றால் ரிலே சுமார் 8-ல் இருக்க வேண்டும். அதை 14-ல் வைத்தால் மோட்டார் எரிந்த பிறகும் ரிலே தூங்கும்.

மூன்று பேஸையும் அளந்து பாருங்கள்

மூன்று பேஸும் வந்தால் மட்டும் போதாது. வோல்டேஜ் சமமாகவும் வர வேண்டும். வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில் அளந்து பாருங்கள். 410, 405, 385 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். சராசரி 400. அதிலிருந்து அதிகபட்ச விலகல் 15. அதாவது 3.75 சதவிகிதம். பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால், மோட்டார் சூடேறும் அளவு சுமார் 28 சதவிகிதம் கூடிவிடும்.

வோல்டேஜ் 10 சதவிகிதம் குறைந்தால் மோட்டாரின் இழுவை ஏறக்குறைய 19 சதவிகிதம் குறையும். பக்கத்தில் வெல்டிங் ஓடும்போது மட்டும் பிரச்னை வருகிறதா என்றும் பாருங்கள். வெல்டிங் மெஷின், பல்பு, ஃபேன் எல்லாம் ஒரே பேஸில் தொங்கினால் பிரித்துப் போடச் சொல்லுங்கள். மெயினுக்கு வரும் இடத்திலேயே ஏற்றத்தாழ்வு இருந்தால், அளந்த தேதி, நேரத்தோடு மின்வாரியத்தின் `மின்னகம்’ எண்ணான 94987 94987-ல் புகார் பதிவு செய்யலாம். ``கரன்ட் சரியில்லை’’ என்பதைவிட எண்களோடு சொல்லும் புகாருக்கு வலு அதிகம்.

வெள்ளம் சொன்ன பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ மழை. தாமிரபரணி கரைபுரண்டு, நெல்லை ஜங்ஷன் பகுதியே மூழ்கியது. ஆற்றுத் தண்ணீர் போகும்போது வண்டலை விட்டுவிட்டுப் போகும். வெளியே காய்ந்துவிட்டதே என்று ஸ்விட்ச் போட்டால், உள்ளே இருக்கும் ஈர வண்டலே காயிலைக் கருக்கிவிடும்.

மூழ்கிய மோட்டாரைக் கழற்றி, சுத்தமான நீரில் வண்டலைக் கழுவி, மிதமான சூட்டில் நன்றாக உலர்த்த வேண்டும். 500 வோல்ட் மெக்கரில் குறைந்தது 1 மெகாஓமுக்கு மேல் காட்டினால்தான் அடுத்த வேலை. புதிதாக வார்னிஷ் பூசி, பேரிங்கை மாற்ற வேண்டும். மூழ்கிய எம்.சி.பி, ரிலே, கான்டாக்டர்களைக் காயவைத்துப் பயன்படுத்த வேண்டாம். மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

உயிர் முக்கியம்

காயில் எரிந்து மோட்டார் உடம்பில் மின்சாரம் இறங்கினால், எர்த் சரியாக இருந்தால்தான் தொடுபவர் தப்பிப்பார். கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும், தண்ணீர் ஊற்றுங்கள். வருடம் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கைக்கருவி, பிளக் பாயின்ட்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி அவசியம். மெயினை அணைத்து, டெஸ்ட் செய்து பார்க்காமல் பெட்டியைத் திறக்கவே கூடாது. உள்ளே செய்யும் வேலையை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* வாரம் ஒருமுறை: மெயினை அணைத்துவிட்டு, விசிறி மூடியையும் மோட்டார் உடம்பையும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். கம்ப்ரஸர் காற்றை உள்ளே பாய்ச்ச வேண்டாம். தூசியும் காற்றில் உள்ள ஈரமும் இன்னும் உள்ளே போகும்.

* மாதம் ஒருமுறை: எலெக்ட்ரீஷியனை வைத்து டெர்மினல்களை முடுக்கி, மூன்று பேஸின் வோல்டேஜ், ஆம்பியரை அளந்து எழுதுங்கள்.

* அடுத்த முறை காயில் கட்டும்போது: சிங்கிள் பேஸ் ப்ரிவென்டர் பொருத்துங்கள்.

* புது மோட்டார் வாங்கும்போது: தகட்டில் `ஐ.பி 55’ இருக்கிறதா எனப் பாருங்கள். முதல் 5 தூசிக்கான காப்பு. இரண்டாவது 5 பீய்ச்சும் தண்ணீருக்கான காப்பு.

* சுவரில் ஒரு நோட்டு தொங்கட்டும். மோட்டார் நின்ற தேதி, நேரம், அப்போது ஓடிய மற்ற மெஷின்கள், மழையா வெயிலா என்பதை எழுதி வையுங்கள். நான்கு முறை எழுதினாலே, கோளாறு எப்போது வருகிறது என்பது தெரிய ஆரம்பித்துவிடும்.

மூன்றாவது முறை காயில் கட்டக் கொடுக்கும் பணத்தில் ஒரு கிளாம்ப் மீட்டரே வாங்கிவிடலாம். முதலில் அதை வாங்குங்கள்!