சேப்பாக்கம் எழுந்து நின்றது!

ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டுவிட்டால் நாட்டுப்பற்று தழைத்துவிடும் என்று நம்பிய கூட்டமொன்று, 1999ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே டில்லியில் தன் கைவரிசையைக் காட்டிற்று. பாகிஸ்தான் அணி வந்து முதல் டெஸ்ட் பந்தயம் ஆடவிருந்த பெரோஸ் ஷா கோட்லா திடல் அது. வரக்கூடாது, ஆடக்கூடாது என்று மும்பையில் முழங்கினார் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே. டில்லியில் அவருடைய ஆட்கள் திடலுக்குள் புகுந்து ஆடுகளத்தைப் பாழாக்கினர். மண்ணைத் தோண்டுவது மானமுள்ள தொழில். கிணறு வெட்டுகிறவனும் சாலை போடுகிறவனும் செய்கிற தொழில். அதற்கு இப்படியும் ஓர் இழிவு வந்து சேர்ந்தது!

டில்லியில் நடக்க வேண்டிய முதல் பந்தயம் சென்னைக்கு மாறியது. இந்திய மண்ணிலே பாகிஸ்தான் டெஸ்ட் ஆடி 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. மிரட்டல் நிற்கவில்லை. சென்னையில் என்ன நடக்குமோ என்று நாடே பார்த்துக்கொண்டிருந்தது.

நடந்தது என்ன?

ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. வெற்றிக்கு வேண்டியது 271 ஓட்டங்கள். 82க்கு 5 விக்கெட்டுகள் போய்விட்டன. முடிந்தது கதை என்று எண்ணியவேளையில் டெண்டுல்கரும் மோங்கியாவும் சேர்ந்து 136 ஓட்டங்கள் எடுத்தனர். டெண்டுல்கருக்கு முதுகுவலி, ஒவ்வொரு அடிக்கும் உடல் வேதனையில் வளைந்தது. ஆனாலும் ஆடினார். 136 ஓட்டங்கள் எடுத்து, இன்னும் 17 ஓட்டங்களே வேண்டியிருந்தபோது சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கி அடித்தார்; பிடித்தார் வாசிம் அக்ரம். எஞ்சிய 3 விக்கெட்டுகளும் 4 ஓட்டங்களுக்குள் சரிந்தன. 12 ஓட்டங்களில் தோல்வி!

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன ஆத்திரம் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். கூலி உயர்வு கையெழுத்தாகும் கட்டத்திலே பேச்சுவார்த்தை முறிந்து வீடு திரும்பிய தொழிலாளிக்குத் தெரியும். அந்த ஆத்திரம் கல்லைத் தேடும். கையில் அகப்பட்டதை எறியும். சேப்பாக்கத்திலே எறியவில்லை. திடல் சிறிது நேரம் ஊமையாயிற்று. பிறகு ஒரு பக்கம் கை தட்டத் தொடங்கிற்று. மற்றப் பக்கங்களும் எழுந்தன. எழுந்து நின்று தட்டினர். வென்ற பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் திடலைச் சுற்றி ஓடி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டனர். 1997 மே மாதம் இதே திடலில் சயீத் அன்வர் இந்தியாவுக்கு எதிராக 194 ஓட்டங்கள் குவித்தபோது தட்டிய கைகள்தாம் இவை. பழகிய கைகள்!

மூன்று வாரம் கழித்துக் கல்கத்தா. ஈடன் தோட்டத்திலே டெண்டுல்கர் ஓடிவரும்போது ஷோயிப் அக்தர்மீது இடித்துக்கொண்டார். அதற்குள் பந்து விக்கெட்டைச் சாய்த்தது. மூன்றாவது நடுவர் ஆட்டமிழந்தார் என்றார். கூட்டம் கொதித்தது. டெண்டுல்கரே திடலைச் சுற்றி வந்து அமைதி காக்கும்படி கேட்க வேண்டியதாயிற்று. மறுநாள், பிப்ரவரி 20, பாட்டில்கள் பறந்தன, தாள்கள் எரிந்தன. போலீசார் பல்லாயிரம் பேரை வெளியேற்றினர்; வெறிச்சோடிய திடலிலே பந்தயம் முடிந்தது. பிரதமர் வாஜ்பாய் பஸ்ஸில் லாகூர் சென்ற நாளும் அதுவே! 1996 மார்ச் 13 அன்று, உலகக் கோப்பை அரையிறுதியிலே இதே ஈடன் தோட்டத்தில் ரகளை மூண்டு, இலங்கை வென்றதாக நடுவிலேயே அறிவிக்கப்பட்டதையும் நாடு பார்த்திருந்தது. கல்கத்தா மக்கள் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. விளையாட்டை உயிராக நேசிக்கும் ஊர் அது. தோல்வி வந்தபோது அந்த நேசம் என்ன வடிவம் கொண்டது என்பதுதான் நம் கேள்வி.

"கை தட்டினீர்களே, மே மாதமே கார்கிலில் சண்டை மூண்டதே, கண்ட பலன் என்ன?" என்று மடக்குவோர் உண்டு. சண்டையை மூட்டியவன் சக்லைன் அல்லன். சேப்பாக்கத்தில் தட்டியவர்கள் ஒரு சர்க்காருக்குத் தட்டவில்லை; நான்கு நாள் வெயிலில் நின்று பந்து வீசியவனுக்குத் தட்டினார்கள். உழைப்பைக் கண்டால் மதிக்கத் தெரிந்தவர்கள் செய்த காரியம் அது. 1967இலே விருதுநகரில் காமராசர் தோற்றார் என்ற சேதி கேட்டு, வெற்றி பெற்ற அண்ணா வருந்தினாரே, அந்த மரபிலே வந்தவர்களுக்கு இது விளங்காமற் போகாது.

நம் பக்கத்துக் கறையையும் மறைப்பதற்கில்லை. 2018 ஏப்ரல் 10, காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுத் தமிழகம் கொந்தளித்திருந்த வேளை. சேப்பாக்கத்து ஐ.பி.எல். ஆட்டத்திலே ஆட்டக்காரர்களை நோக்கிச் செருப்பு பறந்தது. கோபம் நியாயம், குறி தவறு. காவிரியைத் தடுத்தவன் எல்லைக்கோட்டருகே பந்து பொறுக்கிக்கொண்டிருக்கவில்லை. கண்ட பலன்? சென்னையில் நடக்கவிருந்த மற்ற ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. காவிரி பற்றிய பேச்சு போய், செருப்பு பற்றிய பேச்சு வந்தது.

2023 அக்டோபர் 14. அகமதாபாத் திடலிலே ஆட்டமிழந்து திரும்பிய பாகிஸ்தான் வீரர் ரிஸ்வானை நோக்கி, மத முழக்கத்தை ஏவுகணையாக எறிந்தனர் சிலர். ஒன்பதே நாளில் அதே பாகிஸ்தான் அணி சேப்பாக்கம் வந்தது. எதிரே ஆப்கானிஸ்தான். 283 ஓட்டங்கள் என்ற இலக்கை எட்டி 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றனர் ஆப்கானியர். ஒருநாள் பந்தயத்தில் பாகிஸ்தானை அவர்கள் வென்றது அதுவே முதல் முறை. சென்னை மக்கள் ஆரவாரம் செய்ய, 1999இல் சக்லைனும் அக்ரமும் ஓடிய அதே எல்லைக்கோட்டை ஒட்டி ஓடி வந்தனர் அந்த இளைஞர்கள்.