ஒரு சொல்லை எப்போது நமக்குத் தெரியும் என்று சொல்லலாம்?



கல்வி உதவித்தொகைப் படிவங்களில் நாம் அடிக்கடி காண்பது இது. 'ஆன்யுவல் இன்கம்' என்ற கட்டத்தில் 8,000 என்று எழுதியிருக்கும். அது அத்தாவின் மாதச் சம்பளம். 'ஆன்யுவல்' என்றால் ஆண்டுக்கு என்று பொருள். அங்கே 96,000 வர வேண்டும். வருமானச் சான்றிதழில் ஒரு தொகை, படிவத்தில் வேறு தொகை என்றால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். இத்தனைக்கும் 'ஆன்யுவல் எக்ஸாம்' என்றால் முழு ஆண்டுத் தேர்வு என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதே சொல் இடம் மாறி உட்கார்ந்ததும் அடையாளம் தெரியாமல் போகிறது.

வாரிசுச் சான்றிதழ் விஷயம் இன்னும் கவனமானது. டி, இ, சி, இ, ஏ, எஸ், இ, டி என்று எழுதினால் 'டிசீஸ்ட்', காலமானவர். டி, ஐ, எஸ் என்று தொடங்கி எழுதினால் நோயுற்றவர். காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 'நேம் ஆஃப் த டிசீஸ்ட்' என்ற கட்டத்தில் யாருடைய பெயரை எழுதுவது என்பதை முன்பே ஒரு தடவை வாக்கியத்தோடு படித்தவர் தடுமாற மாட்டார்.

ஆகவே சொல்லுக்கு நேரே தமிழ்ப் பொருளை எழுதி, பத்துப் பத்தாக மனப்பாடம் செய்வதில் எங்களுக்கு நம்பிக்கை குறைவு. மறுநாள் டெஸ்டுக்கு அது உதவும், அவ்வளவுதான்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. மக்தபில் ஓதும் பிள்ளைக்கு கிதாப், காதிப், மக்தப் மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று சொன்னால் உடனே பிடிபடும்: நூல், எழுதுபவர், எழுதப் படிக்கக் கற்கும் இடம். ஆங்கிலத்திலும் இப்படிக் குடும்பங்கள் உண்டு. 'போர்ட்' என்ற லத்தீன் வேருக்குச் சுமத்தல் என்று பொருள். உள்ளே சுமந்து வருவது இம்போர்ட், வெளியே கொண்டுபோவது எக்ஸ்போர்ட், இடம் விட்டு இடம் கொண்டுசேர்ப்பது டிரான்ஸ்போர்ட், சுமக்க முடிந்தது போர்ட்டபிள், ரயில் நிலையத்தில் பெட்டி தூக்குபவர் போர்ட்டர். ஒரு வேர், ஐந்து சொல்.

ஆங்கிலம் அப்படியொன்றும் அந்நியமும் அல்ல. பருவகாலத்தைக் குறிக்கும் 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்தான் போர்த்துகீசியர் வழியே 'மான்சூன்' ஆனது. உருது பேசும் வீடுகளில் இன்றும் அது 'மௌசம்'. கணக்குப் பாடத்து அல்ஜிப்ரா, அல்குவாரிஸ்மி 9-ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலின் தலைப்பில் உள்ள 'அல்ஜப்ர்'. 'மேகசின்' அரபியில் கிடங்கு. 1731-இல் லண்டனில் ஒரு பத்திரிகை தன் பெயரில் அதை வைத்துக்கொண்ட பிறகே இதழ் என்ற பொருள் பரவியது. துப்பாக்கியில் தோட்டா வைக்கும் இடத்தை ஏன் மேகசின் என்கிறார்கள் என்று கேட்கும் பையனுக்கும் இதுவே பதில்.

நம் கடற்கரையும் ஒரு சொல் கொடுத்திருக்கிறது. கட்டுமரம்தான் 'கேட்டமரான்'. ஆனால் இன்று ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. கோவளத்து மீனவர் கயிற்றால் கட்டிய மரங்களை நினைத்துக்கொண்டு ஆங்கிலச் செய்தியைப் படித்தால் படமே மாறிவிடும். பிறந்த வீடு தெரிந்தால் சொல் மறக்காது. புகுந்த வீட்டில் எப்படிப் புழங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மாமல்லபுரத்தில் கற்சிலைக் கடைப் பையன்கள் வெளிநாட்டினரிடம் சரளமாகப் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். 'திஸ் இஸ் ஹேண்ட் கார்வ்டு, நாட் மெஷின் மேட்' என்று நூறு பேரிடம் சொன்ன பையனுக்கு 'கார்வ்' என்பதை அகராதியில் பார்க்கும் தேவையே வரவில்லை. எழுத்தில் அவன் தடுமாறலாம். ஆனால் சொல் அவனுடையது.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. ஒரு நோட்டில் நாளைக்கு மூன்று சொல் போதும். பொருளுக்குக் கீழே, தன் வீடு, தெரு, பள்ளியை வைத்துப் பிள்ளை சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். 'கார்டியன்' என்றால் 'மை அங்கிள் இஸ் மை கார்டியன்' என்பதுபோல. படித்தவற்றில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே மறந்துபோகிறது என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே தம்மீது சோதித்து எழுதினார். அதனால் மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, மாதம் கழித்து ஒரு தடவை திருப்பிப் பார்க்க வேண்டும்.

தாய்க்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நோட்டை வாங்கி, "இந்தச் சொல்லை வைத்து ஒண்ணு சொல்லு, அதுக்குத் தமிழில் என்ன அர்த்தம்?" என்று கேட்டால் போதும். பிள்ளை முழிக்கும் சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த வாரம் புள்ளி வைத்தவற்றை மட்டும் கேளுங்கள்.