பதிவேடு யார் கையில்?

பழைய வீடியோ டேப்பைக் கணினிக்கு மாற்றுவதில் குறுக்குவழி கிடையாது. ஒரு மணி நேர டேப் என்றால் ஒரு மணி நேரம் ஓடவிட்டுத்தான் ஆக வேண்டும். பூஞ்சை பிடித்திருந்தால் அதற்கு முன் சுத்தம் செய்யும் வேலை வேறு. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் இயங்கும் ‘கம்ரா’ ஆவணக் காப்பகம் இப்படிப்பட்ட டேப்புகளிலிருந்து பிறந்ததுதான். ஆவணப்பட இயக்குநர் டி. ஜெயஸ்ரீ பல ஆண்டுகளாகத் திருநங்கைகள், திருநம்பிகள், தன்பாலின ஈர்ப்பாளர்களின் வாழ்க்கையையும் போராட்டங்களையும் படம்பிடித்து வந்தார். படத்தில் இடம்பெறுவது கொஞ்சம், மிஞ்சுவது மலையளவு. அந்த மிச்சத்தோடு வழக்குக் காகிதங்கள், புகைப்படங்கள் என்று சேர்ந்து வளர்ந்ததே இந்தக் காப்பகம். பெயரைச் சொல்லிப் பார்த்தால் இந்தியில் ‘அறை’ என்பதும் காதில் விழும், ‘கேமரா’ என்பதும் விழும்.

திருநங்கைகளைப் பற்றி இதற்கு முன் பதிவேடே இல்லையா என்றால், இருந்தது. போலீஸ் வைத்திருந்தது. 1871-இல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தில் குற்றப் பழங்குடிகளுக்கு ஒரு பகுதி, ‘அலிகள்’ என்று அன்று குறிக்கப்பட்டவர்களுக்கு இன்னொரு பகுதி. சந்தேகத்துக்குரியவர்களின் பெயரையும் இருப்பிடத்தையும் எழுதி வைக்க வேண்டும். அப்படிப் பெயர் ஏறியவர் பெண் உடையில் தெருவில் தென்பட்டால் கைது செய்யலாம். பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 140 ஆண்டுகள் கழித்து, 2011-இல், கர்நாடகப் போலீஸ் சட்டத்தில் 36ஏ என்ற பிரிவு புதிதாக நுழைந்தது. பெயர், இருப்பிடம், சந்தேகம், பதிவேடு என்று ஏறக்குறைய அதே வாசகம்! திருநங்கை அமைப்புகள் கொதித்தெழுந்து நீதிமன்றம் போனதில் வியப்பில்லை.

அந்தப் பதிவேட்டுக்கு மாற்றாக, அந்த வாழ்க்கையை வாழ்ந்தவரே எழுதிய பதிவுகளும் உண்டு. நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த அ. ரேவதி டெல்லி, மும்பை என்று அலைந்து பெங்களூருக்கு வந்தவர். இங்கே திருநங்கைகள் ஹமாம் எனப்படும் குளியல் இல்லங்களை நடத்தி, அங்கேயே குருவும் சேலாக்கள் எனப்படும் சீடர்களுமாகக் குடும்பம்போல வாழ்ந்தார்கள். ரேவதியும் அப்படியொரு ஹமாமில் இருந்தவர். 1999-இல் தொடங்கப்பட்ட ‘சங்கமா’ என்ற உரிமை அமைப்பில் வேலைக்குச் சேர்ந்து, பிற்காலத்தில் அதன் இயக்குநராகவே ஆனார். தமிழ்நாட்டுத் திருநங்கைகளைச் சந்தித்து, அவர்கள் சொன்னதைக் கேட்டுத் தொகுத்த அவருடைய ‘உணர்வும் உருவமும்’ 2004-இல் வெளிவந்தது.

வெளியாள் ஒருவர் டேப் ரெக்கார்டரோடு போய் உட்கார்ந்தால் கிடைப்பது பெரும்பாலும் பலருக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. திருநங்கைகளின் சமூகக் கட்டமைப்பான ஜமாத்தின் முறைகள் தெரிந்தவர் கேட்டால் பேச்சே வேறு. எதைக் கேட்கலாம், எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது ரேவதிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. பிறர் கதைகளைத் தொகுத்த பிறகுதான் அவருடைய தன்வரலாறு வந்தது. அதிலும் ஒரு வேடிக்கை: தமிழில் எழுதியவரின் புத்தகம் வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010-இல் ஆங்கிலத்தில் முதலில் அச்சேறியது. தமிழ் வாசகர்கள் ‘வெள்ளை மொழி’க்கு இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது.

வாய்மொழியாகச் சொன்னதற்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள் 2009 ஜூலை 2 அன்று தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் சட்டப் பிரிவு பற்றிய வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் படிக்கலாம். 2004-இல் பெங்களூரில் ஒரு திருநங்கை குண்டர்களால் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாகி, அதன்பின் காவல் நிலையத்திலும் நிர்வாணமாக்கிச் சித்திரவதை செய்யப்பட்ட நிகழ்வு அதில் எடுத்துக்காட்டப்படுகிறது. போலீஸ் பதிவேட்டில் இப்படி ஒரு வரி ஏறியிருக்குமா? பாதிக்கப்பட்டவரே வாய் திறந்ததால்தான் நீதிபதிகளின் மேசைவரை அது போனது. அந்த நிகழ்வுக்கு முந்தைய ஆண்டு, 2003-இல், பெங்களூரின் கோத்திகள் (பெண்மைச் சாயல் கொண்ட ஆண்கள்), திருநங்கைகள் மீதான வன்முறை பற்றி பியுசிஎல் என்ற மனித உரிமை அமைப்பின் கர்நாடகக் கிளை வெளியிட்ட அறிக்கையும் இப்படிப்பட்ட வாக்குமூலங்களால் ஆனதே.

குரலுக்கு வேறொரு வசதியும் உண்டு: முகம் காட்ட வேண்டாம். 2007-இல் தொடங்கிய பெங்களூரின் முதல் சமுதாய வானொலியான ‘ரேடியோ ஆக்டிவ்’ 90.4-இல் திருநங்கை ஒருவரே நிகழ்ச்சித் தொகுப்பாளராகப் பேசினார்.

புகைப்படம் அப்படியல்ல. 2008 ஜூன் 29 அன்று டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு ஆகிய நகரங்களில் ஒரே நாளில் சுயமரியாதைப் பேரணிகள் நடந்தன. டெல்லியில் பலர் முகமூடியோடுதான் நடந்தார்கள். 377 அப்போது உயிரோடு இருந்தது. வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயமும் இருந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலின உறவு குற்றமல்ல என்று சொல்லிவிட்டது. அதனால் பழைய படங்களையெல்லாம் பெயரோடு வெளியிட்டுவிடலாமா? அன்று முகத்தை மூடாமல் நடந்த ஒருவர் இன்று சொந்த ஊருக்குத் திரும்பி, யாருக்கும் எதுவும் தெரியாமல் வாழ்ந்துகொண்டிருக்கலாம். முகமூடி போட்டு நடந்தவரோ இன்று தன் பெயரைப் பெரிதாகப் போடச் சொல்லலாம். படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. தேடிப்பிடித்து, உட்காரவைத்து, மறுபடியும் ஒருமுறை கேட்க வேண்டும்.