நித்திரை முடக்கமும் மூளைக் குருதிக்கலன் நோயும்

இரவின் கடையாமத்திலே ஒருவன் விழித்துக்கொள்கின்றான். கூரையும் சாளரமும் தெளிவாகத் தெரிகின்றன. அயலிலே துயில்வோரின் மூச்சொலியும் கேட்கின்றது. ஆயினும், கையை உயர்த்த முயன்றால் கை அசைவதில்லை. கூவ முயன்றாற் குரல் எழுவதில்லை. நெஞ்சின்மீது யாரோ ஏறியமர்ந்தாற் போன்ற பாரம். அறையின் மூலையிலே ஓர் உருவம் நிற்பது போன்ற தோற்றம். சில கணங்களோ சில நிமிடங்களோ கழிந்தபின் கட்டவிழ்த்தாற்போல உடல் விடுபடுகின்றது. இதனைப் பேய் அமுக்கியதென நம் மக்கள் கூறுவர். உலோகத்தாற் கட்டுண்டமை என்னும் பொருள்படக் 'கனசிபரி' என்பர் யப்பானியர். நியூபவுண்ட்லாந்துத் தீவினரோ கிழவியொருத்தி வந்து நெஞ்சிலமர்ந்தாள் என்பர். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மக்கள் ஒரே நிகழ்ச்சியை இங்ஙனம் ஒரே வகையாகக் கண்டமையால், இதனை வெறும் மூடக்கதையென எள்ளி ஒதுக்குதல் பொருந்தாது. கண்டது உண்மை, கூறிய காரணமே வேறு. அமெரிக்க மருத்துவரான வெயிர் மிச்செல் 1876 இல் இதனை விவரித்தார். 'நித்திரை முடக்கம்' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரை 1928 இல் வழங்கியவர் கின்னியர் வில்சன் என்னும் நரம்பியல் அறிஞர்.

இஃது அரிய நிகழ்ச்சியுமன்று. பொதுமக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய எண்மர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதற்கு ஆளாகின்றனர் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்து 2011 இல் வெளியான கணக்கு. மாணாக்கரிடையே இத்தொகை நூற்றுக்கு இருபத்தெட்டு. பரீட்சைக் காலத்து இரவுகளை அறிந்தோர்க்கு இது வியப்பளியாது.

மன்னார்த் தீவிலே தோட்டவெளியில் வாழும் ஒருவரை இனி எண்ணிப் பார்ப்போம். நடுவயதினர், தலைவலி காரணமாக மூளையைப் படம்பிடித்தபோது, நாடியொன்றின் சுவர் நலிந்து குமிழ்போற் புடைத்திருத்தல் அவருக்குத் தெரியவந்தது எனக் கொள்வோம். மருத்துவர் இதனை 'அனியூரிசம்' என்பர். வளர்ந்தோரில் நூற்றுக்கு மூவர் அளவில் இத்தகைய புடைப்பு உண்டு, பெரும்பாலானவை வெடிப்பதில்லை. எனினும், தன் தலைக்குள் இருப்பதைப் படத்திற் கண்டவர்க்கு இக்கணக்கு எவ்வளவு ஆறுதல் தரும்? ஓரிரவு அவருடல் முடங்குகின்றது. பிறர் பேயை அஞ்சுவர்; இவரோ குழாய் வெடித்துவிட்டது என்றே அஞ்சுகின்றார். அவ்வச்சத்துக்குச் சிறிதேனும் அடிப்படை உண்டோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கனவு தோன்றும் உறக்கநிலை வேறானது என்பதைச் சிக்காகோவில் அசரின்ஸ்கி, கிளைத்மன் என்போர் 1953 இல் வெளியிட்டனர். மூடிய இமைகளின் கீழே கண்கள் விரைந்து அசைதல் அந்நிலையின் அடையாளம். பிரான்சிலே லியோன் நகரத்து மிசேல் சூவே, பூனைகளை ஆராய்ந்து, அவ்வேளையில் உடற்றசைகள் அறவே தளர்ந்துவிடுவதை 1959 இற் காட்டினார். மூளைத்தண்டிலே 'பொன்ஸ்' எனப்படும் பகுதியிலிருந்து அத்தளர்ச்சிக்கான ஆணை பிறக்கின்றது. கிளைசின், காபா என்னும் இரசாயனப் பொருள்கள் தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அடக்கிவைக்கின்றன. பொன்சின் அவ்விடம் சிதைக்கப்பட்ட பூனைகள் உறக்கத்திலேயே எழுந்து பாய்ந்தன. ஆகவே, கனவிலே ஓடுபவன் பாயைவிட்டு எழுந்தோடாமற் காப்பது இம்முடக்கமே. உள்ளம் விழித்த பின்னும் காவல் நீங்கத் தாமதித்தால், அத்தாமதமே நித்திரை முடக்கம். கண்ணை அசைக்கும் தசைகளும் பிரிமென்றகடும் இவ்வாணைக்கு உட்படா. அதனாற் கண் அசைகின்றது, மூச்சும் நிற்பதில்லை. விலா எலும்புகளிடையே உள்ள தசைகள் தளர்ந்திருத்தலின் விரும்பியவாறு ஆழமாக மூச்செடுக்க இயலாது. நெஞ்சிலமர்ந்த பேயின் பாரம் இதுவே. கனவின் மிச்சம் கண்முன் நிழலாடுதலே மூலையில் நின்ற உருவம்.

இனி, அதே பொன்சின் முன்புறத்தை ஒட்டியே 'பசிலார்' என்னும் பெருநாடி ஓடுகின்றது. அது மேலே சென்று கிளைத்து, தோமசு வில்லிசு 1664 இல் விளக்கிய நாடி வளையத்தோடு சேரும். அந்நாடி அடைபட்டால் மற்றொரு முடக்கம் நேரக்கூடும். பிரெஞ்சுப் பத்திரிகை ஆசிரியரான சான் தொமினிக் போபி 1995 டிசம்பரில் மூளைத்தண்டிலே நேர்ந்த வாதத்தால் தாக்குண்டார். அறிவு தெளிந்திருந்தும் இடக்கண் இமையொன்றன்றி எதனையும் அவரால் ஆளமுடியவில்லை. அவ்விமையைக் கொட்டியே எழுத்தெழுத்தாக ஒரு நூலை உரைத்தார். அது வெளிவந்த 1997 மார்ச்சிலேயே காலமானார். விழித்த உள்ளம், அசையா உடல், அசையும் கண் என்னும் மூன்றும் இரண்டிடத்தும் ஒத்திருக்கின்றன. ஆதலின் தோட்டவெளியாரின் அச்சத்தைப் பேதைமை எனல் தகாது. ஆனால் ஒன்று வழியை அடைத்து அழிவு செய்வது. மற்றையது நாள்தோறும் பூட்டித் திறக்கும் கதவு சற்றே தாமதித்துத் திறப்பது. குமிழ்ப் புடைப்பு நித்திரை முடக்கத்தை விளைப்பதன்று. நித்திரை முடக்கம் வெடிப்பின் முன்னறிவிப்பும் அன்று. மூளைத்தண்டிலேயே கோளாறுடையோர் மாத்திரம் இத்தகைய இரவுகளைத் தம் மருத்துவரிடம் தனியாகக் கூறுதல் வேண்டும்.

வேறுபாட்டை அறிதல் இன்றியமையாதது. ஏனெனில், குழாய் அடைப்பால் வரும் பாரிசவாதங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று உறக்கத்தினின்று எழும்போதே தெரியவருகின்றது. நித்திரை முடக்கம் இருபுறத்தையும் ஒருங்கே கட்டும். விடும்போது முற்றாக விடும். நாவும் உடனே தெளியும். பாரிசவாதமோ பெரும்பாலும் ஒருபுறத்தைப் பற்றும்: முகம் கோணும், உயர்த்திய கை தாழும், சொல் குழறும். இவற்றுள் ஒன்று தோன்றிச் சிறிது நேரத்தில் மறைந்தாலும் 'பேய் போயிற்று' என்று மீண்டும் படுத்துவிடலாகாது; மறைந்த வாதம் பெருவாதத்தின் தூதாதலும் உண்டு. முன்பு என்றும் அறியாத கடுந்தலைவலி இடிபோல் எழுதல் வெடிப்பின் குறி. அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும். அந்நேரமும் விழித்த வேளையிலிருந்தன்றி, நோயாளி கடைசியாக நலமாயிருந்த வேளையிலிருந்தே எண்ணப்படும். அழிவைப் பிரித்துக் காட்டும் படக்கருவிகள் இவ்வரம்பைச் சிலருக்குத் தளர்த்தியுள்ளன. எனினும், யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை ஏறக்குறைய நூறு கிலோமீற்றருக்கு அப்பாலிருக்கும் தீவில் காலம் பொன்னிலும் அரிது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் வரும் இலவச அம்புலன்சுச் சேவை 2018 முதல் வடமாகாணத்திலும் உண்டு.

அச்சத்தாற் கெட்ட உறக்கமே மறுநாள் முடக்கத்தை அழைக்கின்றது. இரவிற் கடலுக்குச் சென்று பகலில் விட்டுவிட்டு உறங்குவோரும் இவ்விடருக்கு ஆளாகலாம். மல்லாந்து படுப்போர்க்கு இது மிகுதியாக வருதலின் ஒருக்களித்துப் படுத்தல் நன்று. புகைத்தலை ஒழித்தல், குருதியமுக்க மருந்தைத் தவறாது உண்ணல் ஆகியவை புடைப்புக்கே உரிய காவல்கள். தூக்க மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்கல் மட்டும் கூடாது. அருகிற் படுப்பவரிடம் இதனை முன்னரே சொல்லிவைத்தல் இன்னொரு வகையாலும் உதவும்: முடங்கிக் கிடப்பவரின் கண் உருள்வதையோ மூச்சு விரைவதையோ கண்டு அவர் தோளைத் தொட்டாற் போதும், பெரும்பாலும் கட்டு அவிழ்ந்துவிடும், பின்பு அவரைச் சிரிக்கச் சொல்லி, இரு கைகளையும் உயர்த்தச் சொல்லி, பெயரைக் கூறச் சொல்லிப் பார்க்கலாம்.