நாணயக் கணிப்பொறிக்கு ஒரு திறந்த சட்டம்

கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் உள்ள நம் இல்லங்கள் பலவற்றில், பெற்றோருக்கு எளிதில் விளங்காத சொல் ஒன்று சில ஆண்டுகளாகப் புழங்கி வருகிறது. ‘மைனிங்’ என்பதே அச்சொல். மண்ணை அகழ்வதற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கிரிப்டோ நாணயங்களின் பொதுக் கணக்கேட்டில் அடுத்த பக்கத்தை எழுதும் உரிமைக்காக, உலகெங்கும் உள்ள கணிப்பொறிகள் ஓயாது கணக்குப் போட்டுப் போட்டியிடுகின்றன. வென்ற பொறிக்குப் புதிய நாணயம் பரிசாகிறது. பிட்காயின் என்னும் நாணயம் 2009 ஜனவரியில் இம்முறையில்தான் பிறந்தது. விளையாட்டுப் படங்களைத் தீட்டுவதற்கென்று செய்யப்பட்ட கிராபிக்ஸ் அட்டைகள் இக்கணக்கை விரைந்து போட வல்லவை. ஆகவே ஒரே மதர்போர்டில் ஆறு அட்டைகள், எட்டு அட்டைகள் என்று இணைத்து இரவு பகலாக ஓட்டும் வழக்கம் உண்டாயிற்று. அத்தனை அட்டைகளையும் சாதாரணக் கணிப்பொறிப் பெட்டிக்குள் அடைத்தால் அவை வெந்துபோகும். அதனால் மூடியும் சுவரும் இல்லாத திறந்த சட்டம் ஒன்று தேவையாயிற்று.

அச்சட்டத்தைத் தேர்ந்து பூட்டும் முறையைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆயினும் சட்டத்துக்கு முன்னால் வரவு செலவைப் பார்த்துவிடுதல் முறை.

பிட்காயினுக்கு 2013 முதலே தனிப்பொறிகள் வந்துவிட்டன. அவை தம் பெட்டியுடனேயே வருபவை. அவற்றுக்குச் சட்டம் வேண்டியதில்லை. கிராபிக்ஸ் அட்டைக்காரர்கள் பெரிதும் நம்பியிருந்தது எதீரியம் என்னும் நாணயத்தை. அது 2022 செப்டம்பர் 15 அன்று கணக்குப் போட்டி முறையையே கைவிட்டுவிட்டது. எஞ்சியவை எதீரியம் கிளாசிக், ரேவன்காயின் முதலிய சிறு நாணயங்களே. நம் நகரங்களில் வீட்டு இணைப்புக்கு நாம் செலுத்தும் கட்டணத்தில், அவை மின்செலவையேனும் திருப்பித் தருவது அரிது.

ஒரு கணக்கைப் பாருங்கள். அட்டை ஒன்றுக்கு 120 வாட் என்று கொண்டால் ஆறு அட்டைகளுக்கு 720 வாட், மதர்போர்டுக்கும் மற்றவற்றுக்கும் 80 வாட், ஆக 800. பவர் சப்ளையில் பத்தில் ஒரு பங்கு வீணாகும் என்றால் சுவரிலிருந்து இழுப்பது ஏறத்தாழ 890 வாட். நாளொன்றுக்கு 21 யூனிட்டுக்கு மேல்; மாதத்துக்கு 640 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் மாதம் 5,000 ரூபாயைத் தாண்டும். இதன்மேல் வருமான வரி இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் இவ்வகை நாணயங்களின் ஆதாயத்துக்கு வரி 30 விழுக்காடு. பொறிக்குச் செய்த செலவையோ மின்செலவையோ அதில் கழிக்க இடமில்லை. அரசின் சட்டம் அலுமினியச் சட்டத்தைக் காட்டிலும் உறுதியானது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நலம்.

அப்படியானால் சட்டம் எதற்கு? விலை உயர்ந்திருந்த 2021ஆம் ஆண்டில் வாங்கிய அட்டைகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் தரையிலும் மேசையிலும் அட்டைப்பெட்டி மேலும் பரப்பி ஓட்டுவது அபாயம். மேலும், அசைவுப்படம் தீட்டும் மாணவருக்கு இதே சட்டமும் இதே அட்டைகளும் நன்கு உழைக்கும். செயற்கை நுண்ணறிவு பயில்வோருக்கு மட்டும் ஒரு குறை உண்டு. இவ்வகைப் பொறிகளில் அட்டையையும் மதர்போர்டையும் இணைக்கும் ரைசர் மிகக் குறுகிய பாதை. பெருந்தரவு அதன் வழியே மெல்லத்தான் செல்லும். ஓர் அட்டையோ இரண்டோ மட்டும் உடையவர்கள் காற்றோட்டமுள்ள நல்ல பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு இதற்குமேல் படிக்காமல் விட்டுவிடலாம்.

சட்டங்கள் பலவகை. ஆறு, எட்டு, பன்னிரண்டு அட்டைகளுக்கென்று மடித்த இரும்புத் தகட்டில் ஆயத்தமாக விற்கிறார்கள். வாங்குமுன் நடுக்குறுக்குச் சட்டத்தை விரலால் அழுத்திப் பாருங்கள், வளைந்தால் வேண்டாம். ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள அட்டைகள் ஆறு அதன்மேல் உட்காரப் போகின்றன. போதாக்குறைக்கு விசிறிகளின் அதிர்வும் உண்டு. மும்பை போன்ற கடலோர நகரங்களில் வண்ணப்பூச்சு பெயர்ந்த இடமெல்லாம் துருவேறும். மரத்தில் செய்பவர்களும் உளர். ரீப்பர் கட்டைகள் நான்கைந்து இருந்தால் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். மின்கசிவு ஏறாது என்பதும் ஒரு சிறப்பு. ஆயினும் எந்நேரமும் சூடாக இருக்கும் பொருளின் அருகே எரியக்கூடிய பொருளை வைப்பதை நான் விரும்புவதில்லை. புத்தக அலமாரி செய்யும் துளையிட்ட இரும்பு ஆங்கிள் நம் வீடுகளில் பழைய நண்பன். விலை மலிவு, வலிமை மிகுதி. ஆனால் துளை இருக்கும் இடத்தில்தான் அட்டை அமர வேண்டும் என்பது அதன் குறை.

என் அபிப்பிராயத்தில் நமக்கு ஏற்றது 20 மில்லிமீட்டர் சதுர அலுமினிய வார்ப்பட்டையே. அதன் நான்கு பக்கங்களிலும் நீளவாக்கில் பள்ளம் ஓடும். அப்பள்ளத்தில் நட்டு நகரும். எந்த இடத்திலும் நிறுத்தி இறுக்கலாம். பிறகு அட்டையை மாற்றினாலும் சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மாற்றலாகும்போது முழுவதையும் கழற்றிக் கட்டாகக் கட்டிவிடலாம். மூன்றாண்டுக்கொரு முறை ஊர் மாறும் குடும்பங்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

ஆறு அட்டைகளுக்கு நீளம் 60, அகலம் 35, உயரம் 45 சென்டிமீட்டர் போதுமானது. இதற்கு 45 சென்டிமீட்டரில் நான்கு நிலைக்கால்கள், 56இல் ஆறு நெடுஞ்சட்டங்கள், 31இல் எட்டுக் குறுக்குச் சட்டங்கள் தேவை. கூட்டினால் ஏழரை மீட்டரைச் சற்றே தாண்டும். வெட்டில் போகும் சேதாரத்தையும் எண்ணி ஒன்பது மீட்டர் வாங்குவது நலம். கடைக்காரரிடமே அளவுக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டில் கைவாளால் அறுத்தால் முனை கோணும். கோணிய முனையில் எந்த மூலையும் நேர்படாது. எல் வடிவ மூலைத்தகடுகள், அவற்றுக்குரிய போல்ட்டு, நட்டு, அறுகோணச் சாவி ஆகியவற்றையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். தில்லியில் சட்டத்துக்குரிய சாமான்களைச் சாவடி பஜாரிலும் கணிப்பொறிச் சாமான்களை நேரு பிளேஸிலும், மும்பையில் பின்னவற்றை லாமிங்டன் சாலையிலும், பெங்களூரில் எஸ்.பி. சாலையிலும் தேடலாம்.

பூட்டும்போது முதலில் அடிச்சதுரத்தைச் சமதரையில் அமைத்து, நட்டுகளைக் கைவிரல் அளவுக்கே இறுக்குங்கள். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரு பக்கமும் அளந்து பார்க்க வேண்டும். இரு அளவும் ஒன்றானால்தான் சதுரம் நேர். அப்போது முழுதும் இறுக்கலாம். நிலைக்கால்களை நிறுத்துமுன், பின்னால் வேண்டியிருக்கும் நட்டுகளையும் பள்ளத்தில் கணக்காக இட்டுவிட வேண்டும். நட்டுகளில் சிலவகை பக்கவாட்டிலிருந்து நுழையும். சிலவகை முனை வழியாக மட்டுமே நுழையும். பின்வகையில் ஒன்று குறைந்தால் சட்டம் முழுவதையும் அவிழ்க்க நேரும்.

அடித்தட்டில் மதர்போர்டும் பவர் சப்ளையும். நடுத்தட்டில் ரைசர் பலகைகள், அவற்றின்மேல் நின்றவாக்கில் அட்டைகள். மேல்தட்டின் பின்சட்டத்தில் அட்டையின் உலோக முகப்பைத் திருகி நிறுத்துவது. முன்சட்டத்தில் 120 மில்லிமீட்டர் விசிறிகள். பின்சட்டத்தின் உயரத்தை ஏட்டுக் கணக்கில் தீர்மானிக்க வேண்டாம். ஓர் அட்டையை ரைசரில் செருகி நிறுத்திப் பார்த்து, முகப்புத் துளை வரும் இடத்தில் சட்டத்தை இறுக்கினால் எல்லாம் பொருந்தும். அட்டைக்கு அட்டை நடுவிலிருந்து நடுவுக்கு 7 சென்டிமீட்டர் விடுங்கள். பருமன் 4 போக 3 சென்டிமீட்டர் இடைவெளி மிஞ்சும். இந்த மூன்று சென்டிமீட்டருக்காகத்தான் இத்தனை பாடும். இதைக் குறைத்து ஏழாவது அட்டைக்கு இடம் தேடும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டும்.

மதர்போர்டைச் சட்டத்தில் ஏற்றுமுன், அது வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே வைத்து, ஒரே ஒரு கிராபிக்ஸ் அட்டையுடன் இயக்கிப் பாருங்கள். பழுதிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பின்பு பித்தளைத் தாங்கு திருகாணிகளின்மேல் அதை அமர்த்த வேண்டும். பலகையின் அடிப்புறப் பற்றுமுனை எதுவும் அலுமினியத்தைத் தொடலாகாது.

மின்சார விஷயத்தில்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். ரைசருக்கு மின்சாரம் தருவதற்குச் சாட்டா இணைப்பியைப் பயன்படுத்தாதீர்கள். வன்தட்டுக்கென்று ஏற்பட்ட அந்த மெல்லிய இணைப்பி 12 வோல்ட்டில் 54 வாட் வரையே தாங்கும். கிராபிக்ஸ் அட்டையோ ரைசரின் வழியாக 75 வாட் வரை இழுக்கக்கூடும். உருகிக் கருகும் இணைப்பிகளுக்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஆறுமுனை இணைப்பி உள்ள ரைசரையே வாங்குங்கள். ரைசரின் வடம் யு.எஸ்.பி. வடம்போலத் தோன்றினும் அது யு.எஸ்.பி. அன்று, வேறெந்தப் பொறியின் துளையிலும் அதைச் செருகலாகாது. பவர் சப்ளை இரண்டு வைப்பவர்கள், ஓர் அட்டைக்கும் அதன் ரைசருக்கும் ஒரே பெட்டியிலிருந்து மின்சாரம் தர வேண்டும். 800 வாட் தேவைக்கு 1,000 வாட் பெட்டி என்பது நல்ல அளவு.

சுவர்ப்பக்கம் வருவோம். 890 வாட் என்பது 4 ஆம்பியர்தான். 6 ஆம்பியர் பிளக் தாங்குமே என்று வாதிடுவார்கள். தாங்கும். ஆனால் இஸ்திரிப்பெட்டிபோல் பத்து நிமிடம் ஓடும் சாதனமன்று இது. மாதக்கணக்கில் இடைவிடாது ஓடும்போது, சற்றே தளர்ந்த பிளக்கும் சூடேறிக் கரியும். 16 ஆம்பியர் பிளக்கில், தனிக் கம்பியில், தனி எம்.சி.பி.யுடன் இணைப்பதே தகும். எக்ஸ்டென்ஷன் போர்டு கூடவே கூடாது. வாடகை வீட்டுக்காரர்கள், கம்பியைத் தொடுமுன் வீட்டு உரிமையாளரிடம் சொல்லிவிடுவதும் அவசியம்.

எர்த் பற்றி ஒரு நுட்பம் உண்டு. இவ்வகை அலுமினியத்தின்மேல் பளபளப்புக்காக ஏற்றிய படலம் மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலால் பவர் சப்ளைக்கு எர்த் இருந்தும், சட்டத்தின் கம்பிகளுக்கு அது சேராமலிருக்கக்கூடும். மூலைத்தகடு பதியும் இடங்களிலும், பவர் சப்ளையைத் திருகும் இடத்திலும் படலத்தைச் சுரண்டிவிட்டுப் பல்வாஷர் இட்டு இறுக்க வேண்டும். பின்பு பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, அதன் எர்த் முனையிலிருந்து ஒவ்வொரு கம்பியிலும் படலம் சுரண்டிய இடத்துக்கு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் தடை ஏறத்தாழ சுழியாக இருக்க வேண்டும். தவழும் குழந்தை தொடக்கூடிய உயரத்தில் இருக்கும் பொருள் இது.

எந்த அறையில் வைப்பது? 890 வாட் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் அறைக்குள் இறங்கும். தில்லியின் சனவரியில் ஒரு கம்பி ஹீட்டர் இலவசமாகக் கிடைத்ததுபோல் இருக்கும். சூன் மாதத்தில் அதே ஹீட்டரை 45 பாகை வெயிலில் ஏற்றிவைத்ததற்கு ஒப்பாகும். ஏ.சி. போட்டால், அவ்வெப்பத்தை வெளியேற்ற அதுவும் தன் பங்குக்கு மின்சாரம் உண்ணும். சன்னலருகே வைத்து, விசிறிகளின் காற்று சன்னலை நோக்கிச் செல்லுமாறு திருப்பி, மேலே ஒரு எக்ஸாஸ்ட் விசிறி அமைப்பதே சிறந்தது. பால்கனி வேண்டாம், சாரலும் புழுதியும் நேரே விழும். படுக்கையறையும் வேண்டாம், அந்த இரைச்சலில் உறக்கம் பிடிக்காது.

திறந்த சட்டத்துக்கு அழையா விருந்தாளிகளும் உண்டு. வெதுவெதுப்பைத் தேடிப் பல்லி வந்து அட்டையின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். இரு முனைகளைச் சேரத் தொட்டால் அதுவும் மடியும், அட்டையும் பழுதாகும். நெருக்கமான கொசுவலைத் துணியைச் சட்டத்தைச் சுற்றிக் கட்டுகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். அது காற்றைத் தடுத்து, திறந்த சட்டத்தின் பயனையே கெடுத்துவிடும். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, நான்கு கால் உள்ள மேசைமேல் வைத்தால் பெரும்பாலும் போதும். பதினைந்து நாளுக்கொரு முறை மின்சாரத்தை நிறுத்தி, உலர்ந்த தூரிகையால் தூசி தட்டுங்கள். தில்லியில் ஆந்தி வீசும் மாதங்களில் வாரம் ஒருமுறை.

மாற்றல் உத்தரவு வந்தால், கழற்றுமுன் ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் அழியா மையால் எண் இட்டு, சட்டம் முழுவதையும் நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டைகள் அவற்றின் சொந்தப் பெட்டியில், நிலைமின் காப்புப் பையுடன் பயணம் செய்ய வேண்டும். லாரியில் அன்று, கையோடு. போல்ட்டும் நட்டும் ஒரு பிஸ்கட் டின்னில் அடங்கிவிடும். அந்த டின்னை அறுகோணச் சாவியோடு சேர்த்துக் கட்டி, புது வீட்டில் முதலில் பிரிக்கும் பெட்டியில் போட்டுவிடுங்கள்.